கூதிர் காலமும் முதற் குழந்தையும்



மேலைநாட்டுக் கதைகளைப் பாடசாலையிலே படித்து வளர்ந்த எங்களுக்கு, 'இலையுதிர் காலம்' என்றதும் பொன்னிறமான இலைகள் சொரியும் நெடுஞ்சாலைகள் மனக்கண்ணில் தோன்றும். திருகோணமலையில் அத்தகைய காட்சியைக் காண இயலாது. ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் இங்கே இலை உதிர்வதில்லை, துளிர்க்கிறது. ஆடி, ஆவணியிற் கச்சான் காற்றுக்குக் காய்ந்து வெடித்த நிலம், வடகீழ்ப் பருவமழையின் முதற்றுளி பட்டதும் பச்சை போர்த்துக்கொள்ளுகிறது. ஆண்டு முழுவதும் நாம் பெறும் மழையின் பெரும்பகுதி இனி வரும் மூன்று நான்கு மாதங்களிலேதான் பெய்து தீரும்.

ஆண்டினை ஆறு பெரும்பொழுதாக வகுத்த நம் முன்னோர், ஐப்பசியையும் கார்த்திகையையும் 'கூதிர்' என்றனர். வாடை வீசும் காலம் அது. வெளிக்கடல் கொந்தளிக்கும். மேற்குக் கரையிலிருந்து வந்து வாடி அமைத்துத் தொழில் செய்தவர்கள் தம் ஊர்களுக்குத் திரும்புவார்கள். நம்மூர் மீனவர் வள்ளங்களைக் கரையேற்றிவிட்டு, வலை பொத்திக்கொண்டு வீட்டோடிருப்பார்கள். கோட்டையில் வாழும் புள்ளிமான்கள் மழைக்கு ஒதுங்க இடந்தேடித் திரியும். உயிர்களெல்லாம் ஒரு கூரையை நாடும் காலமே கூதிர் காலம்.

இந்தக் காலத்திலே வீட்டிற்கு வராதிருப்பவனைப் பற்றித்தான் நெடுநல்வாடை பாடுகிறது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய அதனை இயற்றியவர் நக்கீரர். வாடை வீசும் நள்ளிரவில் அரசி துயிலின்றி வாடியிருக்கிறாள். அரசனோ பாசறையிலே புண்பட்ட வீரரைப் பார்த்துக்கொண்டு உலாவுகிறான். காத்திருப்பவளுக்கு அந்த வாடை நெடிது. வினைமேற் சென்றவனுக்கு அது நல்லது. அதனாலேதான் நெடுநல்வாடை எனப் பெயர் பெற்றது என்று உரைகாரர் விளக்குவர். மாணவர்க்கு இதனைப் பல ஆண்டுகள் நான் கற்பித்திருக்கிறேன். ஆனால், அந்த வீட்டில் ஐந்து மாதக் குழந்தையொன்றும் இருந்திருந்தால் அதற்கு அந்த வாடை எப்படியிருந்திருக்கும் என்ற கேள்வி, இவ்வாண்டு ஐப்பசியிலேதான் எனக்கு எழுந்தது. காரணம், இவ்வாண்டு ஆனி மாதத்தில் நான் அம்மப்பாவாகிவிட்டேன்.

மகளும் மருமகனும் உவர்மலையிலே எங்களோடு ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். மகள் அரசாங்க அலுவலகமொன்றில் எழுதுவினைஞர். மருமகன் துறைமுகப் பகுதியிலே முறை மாறி முறை வேலை பார்ப்பவர். காலை முறை வரும் வாரத்தில் ஐந்து மணிக்கே எழுந்து, மழை அங்கியை மாட்டிக்கொண்டு புறப்படுவார். புறப்படுமுன் ஏணையின் சீலையை இரு விரலால் விலக்கிப் பார்ப்பார். குழந்தை துயிலும். தொட்டால் எழுந்துவிடும் என்று தொடாமலே போவார். நாள்தோறும் நிகழ்வதுதான். ஆயினும், அதனைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு ஒவ்வொரு நாளும் தொண்டை அடைக்கும்.

மழைக்காலத்துக் குழந்தை வீட்டை நேயர்கள் அறிவீர்கள். துணி காய்வதில்லை. விறாந்தையில் ஒரு கயிறு, கூடத்தில் ஒரு கயிறு, என் புத்தக அலுமாரியின் கைபிடியிலிருந்து சன்னற்கம்பி வரை இன்னொரு கயிறு. சங்க இலக்கியமெல்லாம் இப்போது குழந்தைத் துணிகளுக்குப் பின்னாலே மறைந்திருக்கின்றன. மின்சாரம் இருக்கும்போதே மருமகன் துணிகளை ஒவ்வொன்றாக அழுத்திச் சூடேற்றி அடுக்கிவைப்பார். ஆண்பிள்ளை குழந்தைத் துணிக்கு அழுத்திப்பெட்டி பிடிப்பதை என் தாயார் முதலில் வியப்போடு பார்த்தார். இப்போது, "தம்பி, ஓரத்தில் ஈரம் இருக்கிறது" என்று திருத்தம் சொல்லுகிறார்.

என் தாயாருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. குழந்தைக்கு அவர் பூட்டி. குழந்தையின் கையிலே வசம்பு வளையம் கட்ட வேண்டும், குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்ட வேண்டும் என்பன அவர் கட்டளைகள். வீட்டுக்கு வந்த மருத்துவமாதோ, கையிற் கட்டினால் குழந்தை வாயில் வைக்கும், புகை பிஞ்சு நெஞ்சுக்கு ஆகாது என்றார். இருவருக்கும் நடுவே என் மகள் ஒரு வழி கண்டாள். வசம்பு ஏணைக் கயிற்றின் உச்சியிலே தொங்குகிறது. சாம்பிராணி சுவாமி அறையிலே மட்டும் மணக்கிறது. ஏணையைச் சுற்றி நுளம்பு வலை. இதில் மட்டும் பூட்டிக்கும் மருத்துவமாதுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. 2017ஆம் ஆண்டிலே நம் நாட்டில் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயுற்றார்களே, அந்த ஆண்டை இம்மாவட்டத்தார் எவரும் மறக்கமாட்டார்.

முன்னோரின் அச்சம் பொருளற்றதன்று. 1946ஆம் ஆண்டிலே இலங்கையில் உயிரோடு பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளில் 141 குழந்தைகள் முதலாண்டு நிறைவதற்குள்ளேயே இறந்தன. ஏழு வீட்டுக்கு ஒரு வீட்டில் ஏணை வெறுமையாயிற்று என்று கொள்ளலாம். இன்று அத்தொகை பத்துக்கும் குறைவு. மலேரியா நீங்கிய நாடென்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் நம்மைச் சான்றுபடுத்தியது. மழையில் நனைந்த சேலையோடு படியேறி வரும் மருத்துவமாதையும், இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் இடப்படும் தடுப்பூசிகளையும், தாய்ப்பாலன்றி வேறெதுவும் ஆறு மாதம் வரை வேண்டாம் என்ற அறிவுரையையும் நான் நன்றியோடு நினைப்பது இதனாலேதான். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் முதற் பருவத்தைக் 'காப்பு' என்று அமைத்து, குழந்தையைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டினார்கள். அந்தக் காப்பின் ஒரு பகுதியை இன்று ஒரு பொதுச்சேவை ஏற்றிருக்கிறது.

காப்புக்கு அடுத்தது செங்கீரைப் பருவம். ஐந்தாந் திங்களிலே குழந்தை ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும். காற்றில் ஆடும் கீரைத் தண்டினைப் போலிருக்கும் அக்காட்சி என்பர். சிகிச்சை நிலையத்தில் தந்த குழந்தை வளர்ச்சிப் பதிவேட்டிலும், தலை நிற்றல், கவிழ்தல், ஒலிக்கு முகந்திருப்பல் என ஒவ்வொரு நிலையும் மாதக் கணக்கோடு அச்சிடப்பட்டிருக்கிறது. ஒன்று செய்யுள்; மற்றது சுகாதாரத் திணைக்களத்தின் படிவம். இரண்டும் ஒரே குழந்தையைப் பார்த்து எழுதப்பட்டவை.

எங்கள் குழந்தை செங்கீரைப் பருவத்துக்கு வருமுன்னரே பேசத் தொடங்கிவிட்டது. "ங்" என்கிறது, "ஙா" என்கிறது. தொல்காப்பியர் மொழிக்கு முதலில் வாராத எழுத்துகளை வகுத்தபோது ஙகரத்தையும் அவற்றுள் அடக்கினார். பெரியவர் மொழிக்கு முதலாகாத அந்த எழுத்தே குழந்தையின் மொழிக்கு முதலாக நிற்கிறது. "ஙா" என்று அது சொன்னால் என் மனைவி, "அப்படியா? பிறகு?" என்பார். குழந்தை சற்று நேரம் அவர் முகத்தையே பார்த்திருந்து மறுபடியும் "ஙா" என்னும். இது வெறும் விளையாட்டன்று. தான் ஒலித்தால் ஒருவர் மறுமொழி கூறுவார் என்பதைக் குழந்தை அறியும் முதற் பாடம் இது. முப்பது ஆண்டுகளாகப் பாடசாலையிலே பிள்ளைகளைச் சேர்த்து வருகிறேன். கேட்டால் விடை கிடைக்கும் என்று நம்பி வருகின்ற பிள்ளையையும், அந்த நம்பிக்கையின்றி வருகின்ற பிள்ளையையும் முதல் வாரத்திலேயே வேறு பிரித்தறியலாம். அந்த நம்பிக்கை ஏடு தொடக்கும் நாளுக்கு நெடுநாள் முன்பே, துணி மாற்றும்போதும் எண்ணெய் தடவும்போதும் விதைக்கப்பட்டுவிடுகிறது.

ஒரு நாள் மாலை மழை வலுத்து மின்சாரம் நின்றது. மெழுகுதிரி வெளிச்சத்தில் என் தாயார் பழங்கதை சொன்னார். அவருடைய தலைப்பிள்ளை, அதாவது என் தமக்கையார், பிறந்தது 1964ஆம் ஆண்டு ஆவணியில். அவ்வாண்டு டிசம்பர் 22ஆந் திகதிச் சூறாவளியைப் பெரியவர்கள் இன்றும் 'அறுபத்துநாலுப் புயல்' என்று காலக்கணக்குக்குக் கொள்வதை நேயர்கள் அறிவீர்கள். அன்றிரவு எங்கள் வீட்டுக் கிடுகுக் கூரை பறந்துவிட்டது. அயலிலிருந்த கல்வீடொன்றில் பல குடும்பங்கள் ஒடுங்கியிருந்தன. என் தந்தையார் கதவைத் தோளால் முட்டுக்கொடுத்து நின்றாராம். அப்போது யாரோ ஒரு முதியவர் பலமாகத் தும்மினார். மடியிலிருந்த நான்கு மாதக் குழந்தை 'கலகல' என்று சத்தமிட்டுச் சிரித்தது. அதுவே அதன் முதற் சிரிப்பொலி.

"கூரை போனது, சட்டி முட்டி போனது, எல்லாம் திரும்ப வாங்கினோம் மகன். அந்தச் சிரிப்பை உன் அப்பாவும் நின்று கேட்டார். சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்," என்றார் என் தாயார்.

அதனைக் கேட்டு எல்லோரும் மகிழ்ந்தார்கள். எனக்கு மட்டும் மகிழ முடியவில்லை. ஏனென்று சொல்லுகிறேன்.

என் மகள் பிறந்தது 1997ஆம் ஆண்டு ஆனியில். அப்போது நான் கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சிற்றூரொன்றில் இளம் ஆசிரியன். இன்று கிண்ணியாப் பாலத்தின் வழியாகச் சற்று நேரத்தில் மூதூரை அடையலாம். அப்பாலம் திறக்கப்பட்டது 2009இல். அக்காலத்தில் தரைவழி என்றால் துறைதோறும் பாதையேறிக் கடக்க வேண்டும்; சோதனைச் சாவடிகள் வேறு. மூதூர் லோஞ்சே எங்களுக்குக் கதி. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஏறினால் வீடு. ஞாயிறு திரும்பினால் கடமை. வாடைக் காலத்தில் கடல் பொங்கினால் லோஞ்சு ஓடாது. கரையில் நின்று பார்த்தால் குடாவுக்கு அப்பால் திருகோணமலைக் குன்றுகள் மங்கலாகத் தெரியும். அங்கேதான் என் குழந்தை. ஆனாற் போக வழியில்லை.

அந்தக் கூதிர் காலத்தில் என் மனைவி எனக்குக் கடிதங்கள் எழுதினார். 'இன்று பிள்ளை உடம்பு பிரட்டியது.' 'இன்று தன் கையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.' 'இன்று உங்கள் சட்டையைப் பிடித்திழுத்தது.' இவ்வாறு சிறு சிறு செய்திகள். ஒரு கிழமை கழித்து என் கைக்கு வந்து சேரும்போது குழந்தை அந்த நிலையைக் கடந்துவிட்டிருக்கும். கார்த்திகையில் ஒருமுறை மூன்று வாரம் கழித்து வீடு சென்று கையை நீட்டினேன். குழந்தை என் முகத்தைப் பார்த்து வீரிட்டழுதது. என் மனைவி, "தாடி வளர்ந்திருக்கிறது, அதனாலேதான்," என்றார். அவசரமாகச் சவரம் செய்துகொண்டு வந்தேன். அப்போதும் அழுதது. தாடி காரணமன்று என்று இருவருக்கும் தெரியும். இருவரும் அதனைப் பேசவில்லை.

காலத்தின் கொடுமையால் குழந்தைகளையே இழந்தவர்கள் வாழும் மண் இது. அவர்கள் துயரின்முன் என் குறை மிகச் சிறியது. ஆயினும் அது என்னுடையது.

இப்போது நிகழ்காலத்துக்கு வருகிறேன். அரச சேவையிலுள்ள தாய்க்கு முழுச்சம்பளத்தோடு மகப்பேற்று விடுமுறை 84 வேலை நாள். ஐப்பசியில் அது முடிந்ததும், என் மகள் அரைச்சம்பள விடுமுறையில் நின்றாள். அரச சேவையிலுள்ள தந்தைக்கு வழங்கப்பட்டு வந்துள்ளது மூன்று நாள். தனியார் துறையிலுள்ள என் மருமகனுக்கு அதுவும் சட்டப்படி உரியதன்று. வீட்டிற்கு வாங்கிய கடன் இருக்கிறது. அவ்வேளையிலே கட்டாரில் ஒரு வேலை கைகூடி வந்தது. இரண்டு ஆண்டு ஒப்பந்தம். கார்த்திகையிலே புறப்பட வேண்டும். மருமகன் என்னிடம் வந்து, "மாமா, நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்று கேட்டார்.

நான் என்ன சொல்வேன்? இங்கே இருந்து கடன்படு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. போய்வா என்று சொல்லவும் நா எழவில்லை. உள்ளே சென்று, 1997ஆம் ஆண்டுக் கடிதக் கட்டை எடுத்துவந்து அவர் கையிலே கொடுத்தேன். "தம்பி, உங்கள் மனைவி குழந்தையாயிருந்த கதை இதிலே இருக்கிறது. எனக்கு இதிலேதான் இருக்கிறது," என்றேன். அவ்வளவே.

இரண்டு இரவு அவர் அவற்றை வாசித்தார். மூன்றாம் நாள் அந்த நிறுவனத்தாரோடு பேசி, புறப்பாட்டைப் பிள்ளையின் ஆண்டு நிறைவுக்குப் பின் தள்ளிவைக்க இசைவு பெற்றார். போகாமலே விட்டுவிட்டார் என்று கூறி நேயர்களை மகிழ்விக்க நான் விரும்பவில்லை. அடுத்த ஆனிக்குப்பின் அவர் போகக்கூடும். ஆனால் இந்தக் கூதிர் அவருக்குக் கிடைத்தது. அதற்காக மகள் தன் காப்புச் சோடி ஒன்றை அடகு வைத்திருக்கிறாள் என்பதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும்.

சென்ற வாரம் ஒரு பிற்பகல். வானம் இருண்டு வந்தது. மருமகன் முற்றத்துக் கயிற்றிலிருந்து துணிகளை அள்ள ஓடினார். மகள் அடுக்களையில். குழந்தையைப் பாயிலே கிடத்தி, பக்கத்தில் என்னைக் காவலுக்கு இருத்தியிருந்தார்கள். குழந்தை ஒரு காலைத் தூக்கியது, இடுப்பைத் திருப்பியது, முனகியது, முகம் சிவந்தது. திடீரென்று முழு உடம்பும் பிரண்டு கவிழ்ந்து, தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது. 1997இல் நான் காணாத காட்சி, கடிதத்தில் மட்டும் வாசித்த காட்சி, என் கண்முன்னே நிகழ்ந்துவிட்டது. கூவி எல்லோரையும் அழைக்க வாயெடுத்தேன். முற்றத்திலே மழையில் நனைந்தபடி துணி அள்ளிக்கொண்டிருந்த மருமகன் சன்னலூடாகத் தெரிந்தார். வாயை மூடிக்கொண்டேன். குழந்தையை மெதுவாக மீண்டும் மல்லாத்திக் கிடத்தினேன்.

அன்றிரவு தந்தை பக்கத்தில் படுத்திருக்கையில் குழந்தை மறுபடியும் பிரண்டது. "மாமா! ஓடிவாருங்கள்! பிள்ளை உடம்பு பிரட்டிவிட்டது!" என்று அவர் கூவிய கூச்சல் அயல் வீடுகளுக்கும் கேட்டிருக்கும். நானும் ஓடிச்சென்று, முதன்முறை காண்பவனைப்போல வியந்து நின்றேன். பாடசாலையிலே பொய் சொல்லும் பிள்ளைகளைக் கண்டிக்கும் அதிபராகிய நான், அன்று அந்தக் குற்றத்தைச் செய்தேன். வானொலியிலே இன்று ஒப்புக்கொண்டும் விட்டேன்.

நேயர்களே, நமது ஊர் துறைமுக ஊர். கடலுக்குப் போவோரும் கடல் கடந்து போவோரும் நம்மிடையே என்றும் உண்டு. போகவே கூடாதென்று சொல்ல எவராலும் இயலாது. கைத்தொலைபேசியிலே முகம் பார்த்துப் பேசும் வசதி இன்று உண்டு. கடிதத்துக்குக் காத்திருந்த எனக்கு அதன் அருமை தெரியும். எனினும் குழந்தை முகத்தை மட்டும் அறிவதில்லை. தூக்கும் கையின் வலுவை, தோளின் மணத்தை, இருட்டிலே வரும் காலடியோசையை அறிகிறது. ஆகவே போகவேண்டியவர்கள், இயலுமானால் முதலாண்டையாவது வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள். வீட்டிலிருப்பவர்களோ, இருந்தும் இல்லாதவர்போல் இராதீர்கள். குழந்தை "ஙா" என்றால் கையிலுள்ளதைக் கீழே வைத்துவிட்டு மறுமொழி கூறுங்கள். பணியிடங்களை நடத்துவோர், பிள்ளை பெற்ற வீட்டுத் தந்தைக்குச் சில நாள்களை மனமுவந்து கொடுங்கள். மூன்று நாளில் ஒரு தந்தை என்னதான் கற்றுக்கொள்வார்?

இன்னுஞ் சில நாள்களில் விளக்கீடு வருகிறது. முற்றத்திலே பந்தம் நாட்டி ஏற்றும்போது குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் பொறுப்பு மருமகனுடையது என்று வீட்டிலே முடிவாகியிருக்கிறது. மழை விட வேண்டும். விடாவிட்டால் விறாந்தையிலே ஏற்றுவோம். துணிக்கயிற்றை மட்டும் சற்றே அவிழ்க்க வேண்டியிருக்கும்.